ஒரு டேங்க் எண்ணெய்க்கு 430 கிலோ காற்று! உங்கள் கார் மூச்சு விடும் கதை தெரியுமா?

எண்ணெய் நிலையத்தில் 40 லிட்டர் ஊற்றிக்கொண்டு கிளம்புகிறீர்கள். அந்த 40 லிட்டர் எரிந்து முடிவதற்குள் உங்கள் எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளே இழுத்திருக்கும், தெரியுமா? ஏறக்குறைய 430 கிலோ! லிட்டர் இல்லை, கிலோ. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சம் மீதி இல்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது வேதியியல் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை நிற்கும். பெருக்கிப் பாருங்கள், லிட்டருக்குப் பதினோரு கிலோ காற்று வந்துவிடும். நம் ஊர் வெயிலில் அந்தப் பதினோரு கிலோ ஒன்பதாயிரம் லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். நாம் காசு கொடுப்பது பெட்ரோலுக்கு மட்டும். அதைப்போல் ஏறக்குறைய பதினைந்து மடங்கு எடையுள்ள இன்னொரு பொருள், வழியெல்லாம் இலவசமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

எவ்வளவு வேகமாகப் போகிறது தெரியுமா? 1.5 லிட்டர் மைவி கார் ஒன்றை நிமிடத்துக்கு 6,000 சுற்று வரும்படி மிதித்தால், கணக்குப்படி நொடிக்கு 75 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றைத்தான் மூச்சில் இழுக்கிறார். அறுநூறு பேர் கூடிய ஒரு கல்யாண மண்டபம் மொத்தமும் மூச்சு விட எவ்வளவு காற்று தேவையோ, அதை ஒரு சின்ன மைவி தனியாளாக இழுக்கிறது!

இனி செப்பாங் பந்தயத் திடலுக்கு வாருங்கள். 2005 மார்ச் 20 அன்று கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர், ஜோர்டான் காரில் அந்தத் திடலைச் சுற்றிப் பதினோராவதாக முடித்தார். அவர் தலைக்கு மேலே ஒரு ஓட்டை இருந்ததே, அதுதான் அந்தக் காரின் மூக்கு. மூன்று லிட்டர் வி10 எஞ்சின், 19,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 475 லிட்டர் காற்று! ஓட்டுநரின் தலைக்கவசத்தின் வடிவம், அவர் தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதெல்லாம்கூட அந்த மூக்குக்குள் போகும் காற்றைக் கெடுக்கும் என்று பொறியாளர்கள் கவலைப்படுவார்கள்.

இப்படிப்பட்ட மூச்சை வைத்துக்கொண்டுதான் நம் பையன்கள் கனவு காண்கிறார்கள். கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் ஏதாவது ஒரு கார் உதிரிபாகக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கூம்புக் கூம்பாக ஃபில்டர்கள் தொங்கும். ஓப்பன் பாட் என்பது நம் ஊர்ப் பேர். கம்பெனி கொடுத்த கறுப்பு ஏர் பாக்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குழாயின் முனையில் இந்தக் கூம்பை மாட்டினால் போதும், கார் குரலே மாறிவிடும். குரல் மாறுவது உண்மை. வலு மாறுகிறதா? அங்கேதான் ஆச்சரியங்கள் ஆரம்பிக்கின்றன.

முதலில் அந்தக் கழற்றிப் போட்ட கறுப்புப் பெட்டியைப் பாருங்கள். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கிளிப்பை நெம்பி மூடியைத் தூக்கினால் உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு காகிதம். அந்த மடிப்புகளை விரித்தால் எவ்வளவு பெரிது என்று நினைக்கிறீர்கள்? இருபது சென்டிமீட்டர் அகலம், மூன்று சென்டிமீட்டர் ஆழம், ஐம்பது மடிப்பு உள்ள ஒரு சாதாரண ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விரித்தால் 6,000 சதுர சென்டிமீட்டர்! கையகலத் தட்டுக்குள் அரைச் சதுர மீட்டருக்கும் அதிகமான காகிதத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் நொடிக்கு 75 லிட்டர் காற்று போனாலும், காகிதத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அது மெதுவாகத்தான் ஊடுருவுகிறது.

இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. அந்தக் காகிதத்தில் இருக்கும் துளைகள், அது பிடிக்கும் பல தூசிகளைவிடப் பெரியவை! சல்லடை மாதிரி அது வேலை செய்வதே இல்லை. காற்று நார்களைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. கனமான தூசியால் அந்த வளைவில் திரும்ப முடிவதில்லை, நேராகப் போய் நாரில் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிக நுண்ணிய தூசியோ காற்று மூலக்கூறுகள் மோதி மோதித் தள்ளாடியே நாரில் போய் விழுகிறது. ஒட்டிய தூசி அடுத்த தூசியைப் பிடிக்கும் வலையாக மாறுகிறது. அதாவது கொஞ்சம் அழுக்கான ஃபில்டர், புது ஃபில்டரைவிட நன்றாக வடிகட்டும்! ஃபில்டர்களைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 5011 என்ற உலகத் தர முறையில் தொடக்கத் திறன், முழுச் சோதனையின் திறன் என்று இரண்டு எண்கள் தனித்தனியாகக் கொடுப்பது இதனால்தான். தட்டித் தட்டி, காற்றடித்து ஃபில்டரைப் பளிச்சென்று ஆக்குகிறோம் என்று வாரம் ஒரு முறை கழற்றுகிறவர்கள், உண்மையில் எஞ்சினுக்குக் கெடுதல்தான் செய்கிறார்கள்.

அழுக்கு ஃபில்டர் எண்ணெயைக் குடிக்கும் என்று சொல்லாத பட்டறை உண்டா? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இதைச் சோதித்தே பார்த்தது. இக்காலத்துக் கார்களில் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் எண்ணெய்ச் செலவு கூடவில்லை! முடுக்கம்தான் குறைந்தது. ஏன் என்றால், பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டல் என்ற தகடு எப்போதும் காற்றுக்கு அணை போட்டபடியேதான் நிற்கிறது. ஃபில்டர் கொஞ்சம் அடைத்தால், நாம் அறியாமலேயே கால் இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது. அணை அந்த அளவுக்குத் திறக்கிறது. எஞ்சின் கணினி காற்றை அளந்து அதற்கேற்ற எண்ணெயை மட்டும் விடுகிறது. பழைய கார்புரேட்டர் கார்களில்தான் எண்ணெய்ச் செலவு கூடியது. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவைப் போன்ற கார்புரேட்டர் வண்டியை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்களே, பட்டறைக்காரர் சொல்வது உங்களுக்குப் பொருந்தும்.

சரி, அந்தக் கறுப்புப் பெட்டிக்கும் கடத்துக்கும் என்ன உறவு, தெரியுமா? பல கார்களில் ஏர் பாக்ஸுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு வெற்று டப்பா ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாய் மட்டும் உண்டு, காற்று போக வேறு வழி கிடையாது. "இது எதுக்கு, வேஸ்ட்டு" என்று பலர் அறுத்துப் போட்டுவிடுகிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கச்சேரிகளில் கடம் வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். குடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வித்வான் ஆழ்ந்த நாதத்தை வரவழைப்பார். குடத்துக்குள் அடைபட்ட காற்று வில்லைப் போல் அமுங்கி விரிய, வாயில் இருக்கும் காற்று முன்னும் பின்னும் ஆடுகிறது. குடத்தின் கொள்ளளவும் வாயின் அளவும் அந்தச் சுருதியைத் தீர்மானிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்குக் கணக்கு எழுதினார். கார் டப்பாவும் அதே கடம்தான்! ஆனால் இது ஒலியை எழுப்புவதில்லை. எஞ்சின் மூச்சில் காதைக் குடையும் ஒரு குறிப்பிட்ட சுருதியைத் தேர்ந்தெடுத்து விழுங்குகிறது.

ஆக, ஓப்பன் பாட் போட்டவுடன் கேட்கும் அந்த உறுமல் புதிதாகப் பிறந்த வலு இல்லை. அது எப்போதும் இருந்த சத்தம். பெட்டியும் டப்பாவும் இத்தனை நாள் அதை மறைத்து வைத்திருந்தன, அவ்வளவுதான். சத்தம் கூடினால் வேகம் கூடியதாக மனம் நம்பிவிடுகிறது. கார்க் கம்பெனிகளுக்கே இது தெரியும். டொயோட்டா 86இல் எஞ்சினின் காற்றுச் சத்தத்தைக் குழாய் வைத்து ஓட்டுநர் பக்கம் கொண்டுவந்தார்கள்! பிஎம்டபிள்யூ ஒரு எம்5 மாடலில் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகவே ஒலிக்க விட்டது. சத்தத்துக்காக ஒருவர் காசு செலவழிப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன், அந்த நாதம் எனக்கும் பிடிக்கும். சத்தத்தை வலு என்று சொல்லி விற்பதுதான் தவறு.

இப்போது சூடு. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். காற்று மூன்று பாகை சூடேறினால் அதன் எடை ஒரு விழுக்காடு குறைகிறது. வெளியே 35 பாகை, பானெட்டுக்குள் 65 பாகை என்றால் அதே கொள்ளளவில் ஒன்பது விழுக்காடு குறைவான காற்று! எஞ்சின் வலு அப்படியே அதே கணக்கில் விழாது, ஆனால் கால் உணரும் அளவுக்கு விழும். அதோடு நிற்பதில்லை. சூடான காற்று நாக்கிங் என்ற தட்டலைக் கொண்டுவரும் என்று பயந்து, கணினி பிளக்கின் பொறியைத் தாமதப்படுத்துகிறது. அங்கே இன்னொரு முறை வலு போகிறது. கம்பெனிப் பெட்டி காற்றை எங்கிருந்து எடுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு மேலே, வெளிக்காற்று படும் இடத்திலிருந்து. கடையில் பெரிய எழுத்தில் விற்கும் குளிர்காற்று இன்டேக், காரோடு ஏற்கெனவே வந்திருக்கிறது!

கிள்ளானில் ஒரு பட்டறையில் இதை நேரில் பார்த்தேன். ஓர் இளைஞர் புத்தம்புது ஓப்பன் பாட் மாட்டிய மைவியோடு நின்றார்.

"அண்ணே, சவுண்டு செமையா வருது. ஆனா ஜேம்ல நின்னுட்டு எடுத்தா இழுக்க மாட்டேங்குது லா."

"தம்பி, நான் ஒண்ணும் சொல்லல. நீயே பாரு."

ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் பெருவிரல் அளவுக் கருவி ஒன்றைச் செருகி, கைப்பேசியை இளைஞரிடமே கொடுத்தார் பட்டறை அண்ணன். திரையில் உள்ளே போகும் காற்றின் சூடு தெரிந்தது. வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எண் மெல்ல மெல்ல ஏறி அறுபதைத் தாண்டியது. பிறகு இளைஞர் மூலையில் போட்டு வைத்திருந்த பழைய பெட்டியைத் துடைத்து மாட்டினார்கள். அதே நிழல், அதே எஞ்சின். எண் நாற்பதுகளில் நின்றுவிட்டது. இளைஞர் எதுவும் பேசவில்லை. கூம்பு ஃபில்டரைத் துணியில் சுற்றிப் பின் இருக்கையில் வைத்தார்.

"அப்போ டைனோல பவர் ஏறுதுன்னு காட்டுறாங்களே" என்று கேட்பீர்கள். எஞ்சின் வலுவை அளக்கும் டைனோ அறையில் பானெட் திறந்திருக்கிறது, முன்னால் பெரிய காற்றாடி சுழல்கிறது. ஓப்பன் பாட்டுக்கு அது சொர்க்கம். வேலை முடிந்து பெடரல் நெடுஞ்சாலையில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு ஊர்ந்து வரும்போது பானெட் மூடியிருக்கும், காற்றாடி இருக்காது.

ஈரக்காற்றும் நம்மைப் பிழிகிறது, தெரியுமா? 30 பாகை வெயிலும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண கோலாலம்பூர் காலையில், எஞ்சின் இழுக்கும் ஒவ்வொரு நூறு பங்கிலும் மூன்றுக்கு மேற்பட்ட பங்கு வெறும் நீராவி. அந்த இடத்தில் எரிக்க ஒன்றுமே இல்லை. கெந்திங் மலைக்கு ஏறினால் காற்று குளுகுளுவென்று இருக்கும், ஆனால் 1,700 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 18 விழுக்காடு குறைவு. குளிர் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாலும் அது போதாது. டர்போ இல்லாத கார்கள் மேலே போகப் போக மூச்சு வாங்குவது ஃபில்டரால் இல்லை. வளிமண்டலமே அங்கே மெலிந்திருக்கிறது.

புரோட்டோன் கேம்புரோ எஞ்சின் வைத்திருந்தவர்கள் ஒரு குறையைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 2004இல் ஜென்-2 காரோடு வந்த அந்த எஞ்சின் 2,500 சுற்றுக்கும் 3,500 சுற்றுக்கும் நடுவில் சோர்ந்து போகும். எத்தனை பேர் அதற்காக ஃபில்டரை மாற்றியிருப்பார்கள்! புரோட்டோன் பொறியாளர்கள் 2008இல் என்ன செய்தார்கள், தெரியுமா? எஞ்சினுக்குள் போகும் காற்றுக் குழாயின் நீளத்தையே ஓட ஓட மாறும்படி செய்தார்கள்! 4,800 சுற்று வரை காற்று நீளமான பாதையில் போகும். அதைத் தாண்டினால் ஒரு கதவு திறந்து குட்டையான பாதையில் போகும். வால்வைத் தூக்கும் அளவும் 3,800 சுற்றில் மாறும். 110 குதிரைத்திறன் எஞ்சின் 125 ஆனது.

நீளத்தில் என்ன மாயம்? வால்வு படாரென்று மூடும்போது ஓடிவந்த காற்று முட்டி நிற்கிறது, அழுத்த அலை ஒன்று எழுகிறது. அது ஒலியின் வேகத்தில், நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர், குழாயில் பின்னால் ஓடி, முனையில் எதிரொலித்துத் திரும்பி வருகிறது. அது திரும்பும் நேரமும் வால்வு அடுத்து திறக்கும் நேரமும் பொருந்திவிட்டால், டர்போ இல்லாமலேயே கொஞ்சம் கூடுதல் காற்று சிலிண்டருக்குள் தள்ளப்படும்! மெதுவான சுற்றுக்கு நீளமான குழாய், வேகமான சுற்றுக்குக் குட்டைக் குழாய். 1991இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி, தொலைநோக்கியைப் போல் நீண்டு சுருங்கும் காற்றுக் குழாய்களை வைத்துக்கொண்டு ஓடியது. ஆகவே, கம்பெனி கணக்குப் போட்டு வைத்த குழாயைக் கண்மூடித்தனமாக வெட்டினால் எங்கோ ஒரு சுற்றில் கிடைப்பது, இன்னொரு சுற்றில் பறிபோகும். நகரத்தில் நாம் ஓட்டுவது பெரும்பாலும் கீழ்ச் சுற்றில்.

காற்றுக்காக உலகச் சாம்பியன் போட்டியின் புள்ளிகளே பறிபோயிருக்கின்றன, அது தெரியுமா? ராலி பந்தயத்தில் டர்போ எஞ்சின்கள் அளவு மீறக் கூடாது என்பதற்காக, காற்று போகும் வழியில் ஒரு வளையத்தைப் பொருத்துவார்கள். வளையத்தின் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு துளி கூடுதல் காற்று வராது. 1995இல் டொயோட்டா அணி செலிக்கா காரில் அந்த வளையத்தை இரகசியமாக விலக்கும் ஒரு வில் பொறியை வைத்தது. கழற்றிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மாட்டி இறுக்கினால் மட்டும் சந்து திறக்கும்! கட்டலோனியா ராலியில் பிடிபட்டார்கள். புள்ளிகள் பறிபோயின, பன்னிரண்டு மாதத் தடை விழுந்தது. ஏழு ஆண்டு கழித்து, 2002இல், நம் மலேசியாவின் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் காரில், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன், உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். அந்தப் பிரிவில் வளையத்தின் விட்டம் வெறும் 32 மில்லிமீட்டர்! அவ்வளவு சின்ன ஓட்டை வழியே மூச்சு விட்டு உலகத்தை வென்றிருக்கிறார். அவர் பேரைத் தெரியாத மலேசியப் பிள்ளைகள் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி வாங்க நினைப்பவருக்கும், சொந்தமாகச் செய்ய நினைப்பவருக்கும்.

உங்கள் கம்பெனிப் பெட்டி எவ்வளவு வலுவைத் தின்கிறது என்று ஒரு துண்டுக் குழாயை வைத்து நீங்களே அளக்கலாம், தெரியுமா? மீன் தொட்டிக் கடையில் விற்கும் தெளிவான குழாயை வாங்கி, ஆங்கில யு எழுத்தைப் போல் ஒரு பலகையில் வளைத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு கையும் முழங்கை நீளத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பாதி அளவுக்குச் சாயத் தண்ணீர். ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டலுக்கும் நடுவில் உள்ள குழாயில் பொருத்தி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். டைனோவிலோ, பந்தயத் திடலிலோ முழுவதும் மிதிக்கும்போது, பக்கத்தில் உட்காருபவர் இரண்டு கைகளுக்கும் உள்ள மட்ட வித்தியாசத்தைப் பார்த்துக் குறிக்கட்டும். பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் காற்றழுத்தத்தில் ஒரு விழுக்காடு போகிறது. இருபது என்றால் இரண்டு விழுக்காடு. உலகத்திலேயே சிறந்த ஃபில்டரை வாங்கி மாட்டினாலும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கக்கூடியது அந்த ஒன்றோ இரண்டோதான்! இதை அளந்து பார்த்தபின் பலர் பர்ஸை மூடி வைத்துவிடுவார்கள். வித்தியாசம் மிகப் பெரிதாக வந்தால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. எஞ்சினை மாற்றியவர்கள், டர்போ போட்டவர்கள், பாதியாக வெட்டிய பழைய கார்களை விற்கும் அரைவெட்டுக் கடையில் பெரிய எஞ்சின் எடுத்துப் பழைய பெட்டியோடு இணைத்தவர்கள் இந்தக் கூட்டம்.

முன்னால் கொம்பு மாதிரி வாய் வைத்து, ஓடும் வேகத்திலேயே காற்றைத் திணிக்கலாம் என்பார்கள். நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் அதிகபட்ச வேகமான 110 கிலோமீட்டரில் அந்தத் திணிப்பு எவ்வளவு, தெரியுமா? அரை விழுக்காடு. பாதையில் சுழலும் விசிறித் தகடு ஒன்றைச் செருகினால் எண்ணெய் மிச்சமாகும் என்று விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரே வரி: காற்றின் வழியில் எதைச் செருகினாலும் அது தடைதான்.

கூம்பா, காகிதமா என்று திணறுபவர்களுக்கு என் தீர்ப்பு இது. பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் தட்டை மட்டும் மாற்றும் டிராப்-இன் ஃபில்டரே நம் ஊருக்குச் சரி. எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டரை 1969இல் கலிபோர்னியாவின் ரிவர்சைடில் இரண்டு மோட்டார் சைக்கிள் ஆர்வலர்கள் தொடங்கிய கே அண்டு என் நிறுவனம் உலகமெங்கும் பரப்பியது. கழுவிக் கழுவிப் பல ஆண்டு ஓட்டலாம். ஆனால் கழுவியபின் எண்ணெயைக் கொட்டிக் குளிப்பாட்டக் கூடாது. சில கார்களில் காற்றை அளப்பது தலைமுடியளவு மெல்லிய சூடான கம்பி ஒன்று. எண்ணெய்த் துளி அதில் படிந்தால் கணினி தப்புக் கணக்குப் போட ஆரம்பிக்கும்.

சொந்தமாகச் செய்கிறீர்களா? குழாயின் வாய்க்குத்தான் முதல் கவனம். வெட்டிய குழாயை அப்படியே நீட்டி விட்டால் காற்று அந்தக் கூர்விளிம்பில் கிழிந்து சுழலும். அதே வாயை நாதஸ்வரத்தின் அணசு போல் வளைத்து விரித்தால் நுழைவில் ஏற்படும் இழப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்! விலையுயர்ந்த ஃபில்டர் கொடுப்பதைவிட இந்த வளைவு அதிகம் கொடுக்கும். அலுமினியக் குழாய் சூடேறுமே என்ற பயம் பாதிதான் உண்மை. முழு வேகத்தில், 63 மில்லிமீட்டர் குழாயில் அறுபது சென்டிமீட்டரைக் காற்று ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கில் கடந்துவிடுகிறது, சூடேற நேரமே இல்லை. ஜேமில் ஊரும்போதுதான் உலோகம் காற்றைச் சுடும், அதனால் பிளாஸ்டிக் அல்லது சிலிக்கோன் மேல். திருப்பங்களைக் குறையுங்கள். ஃபில்டரைச் சுற்றிப் பெட்டி கட்டுங்கள், அதன் மேல்விளிம்பு பானெட்டோடு ரப்பரால் ஒட்டட்டும். பெட்டிக்குள் வெளிக்காற்று வர ஒரு வழி. இவ்வளவும் செய்து முடித்துப் பார்த்தால் நீங்கள் கட்டியிருப்பது ஏறக்குறைய கம்பெனிப் பெட்டி!

அந்த வெளிக்காற்று வழியை எவ்வளவு தாழ்வாக இறக்கலாம் என்பது நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் உயிர்நாடியான கேள்வி. வெள்ளம் இங்கே புதிதில்லை. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், ஊரைச் செங்கல்லால் திரும்பக் கட்டச் சூளைகள் எழுந்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். அன்றைக்குப் பொங்கிய அதே கிள்ளான் ஆறு இன்றும் பக்கத்தில் ஓடுகிறது. தலைநகரின் வெள்ளத்தை வடிக்க 2007இல் 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கமே திறந்தார்கள். 2021 டிசம்பர் 18 அன்று பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. பம்பருக்குப் பின்னால், முழங்காலுக்குக் கீழே ஃபில்டரை வைக்கும் இன்டேக் அந்தத் தண்ணீரை உறிஞ்சினால் என்ன ஆகும்?

எஞ்சின் உடைய எவ்வளவு தண்ணீர் போதும், தெரியுமா? 1.3 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் அளவு 325 மில்லி. பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம் சுமார் 36 மில்லி. அதைவிடச் சற்றுக் கூடுதலான தண்ணீர், அதாவது இரண்டரை மேசைக்கரண்டி, உள்ளே இருந்தால் போதும்! காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் தண்ணீரில் மோதி, இணைப்புத் தண்டு வளையும் அல்லது முறியும். நொடிக்கு அறுபது லிட்டருக்கு மேல் உறிஞ்சும் வாய்க்கு இரண்டரைக் கரண்டி எம்மாத்திரம்! ஆகவே கூரையில் மழை இரைச்சல் கேட்கும் இந்த ஊரில், ஃபில்டரை ஹெட்லைட்டுக்குக் கீழே இறக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஃபில்டரைத் திறந்து தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் டோ வண்டியைக் கூப்பிடுங்கள். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே எஞ்சினைச் சுழற்ற வேண்டும்.

புகைமூட்டக் காலமும் உண்டு. 2005 ஆகஸ்ட் 11 அன்று கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலையே அறிவித்தார்கள், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியது. அந்தப் புகைத் துகள்கள் பெரும்பாலும் இரண்டரை மைக்ரோனுக்கும் சிறியவை. எஞ்சினுக்குள் மசகெண்ணெய்ப் படலத்தின் தடிமனைவிடச் சிறிய துகளால் பெரிய தேய்மானம் வராது; எஞ்சினைத் தின்பது அதைவிடப் பெரிய மணல் தூசி. நம் நுரையீரலுக்கோ நேர்மாறு, அந்தச் சிறிய துகள்தான் ஆழமாகப் போய்த் தங்கும். புகைமூட்டம் வந்தால் எஞ்சின் ஃபில்டரைப் பற்றிக் கவலைப்படுமுன், ஏர்கோண் ஃபில்டரை மாற்றுங்கள். பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எதை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் விதி, காப்புறுதி, கம்பெனி உத்தரவாதம் மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றி முடித்து ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின், ஃபில்டருக்கும் த்ராட்டலுக்கும் நடுவில் உள்ள குழாயைக் கழற்றி, உள்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் சந்தோஷமாக ஓட்டுங்கள். தூசி ஒட்டியிருந்தால் ஃபில்டரின் விளிம்போ கிளாம்போ சரியாக உட்காரவில்லை, வடிகட்டாத காற்று உள்ளே போகிறது. எவ்வளவு காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சரி, அன்றைக்கே பழைய பெட்டியை மாட்டிவிடுங்கள்.